ஐந்து சாண் இடைவெளி

அத்தியாயம் 6

"ரீவு அண்ணே, உங்க தெற்குக் கன்னத்துல மாவு ஒட்டியிருக்கு," என்றாள் ஹாந்தா.

ரீவு புறங்கையால் துடைத்துக்கொண்டார். "குற்றவாளி அரிசிப் பணியாரம் தின்னது நிரூபணம் ஆயிடுச்சு. இந்த மாசத்துல நம்ம ஆபீஸுக்கு இது முதல் வெற்றி, முதலாளியம்மா."

பேக்கரிக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மியூராவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கார் விளக்குகளைத் திருடியதாக மூன்று வாரமாக அவள் புருஷன், போட்டோக்காரன் ஜெர்வே, சிறையில் இருக்கிறான். வியாழக்கிழமை நீதிபதி முன் விசாரணை. இன்று செவ்வாய். அன்று தப்பினால் வீட்டுக்கு வருவான். தப்பாவிட்டால் அவன் வழக்குக் கட்டு அடியில் போய்விடும், மறுபடி மேலே வர ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. அந்தனனரிவோவில் அது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

"அவரு திருடல அக்கா," என்றாள் மியூரா. பூவேலை செய்துகொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் மாட்டிய பித்தளைக் குப்பியைக் கழற்றக்கூட மறந்துபோயிருந்தாள். அது மேசையில் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது.

"நீ அந்தக் கார் கொட்டகையைப் பார்த்திருக்கியா?" என்று கேட்டாள் ஹாந்தா.

"நான் அந்த வீட்டுப் பக்கமே காலெடுத்து வெச்சதில்ல. மேல் சந்துல போகும்போது வாசலைப் பார்த்திருக்கேன், அவ்வளவுதான்."

"ஜெர்வே, தான் போட்டோ எடுக்கப் போறப்பவே காருக்கு ஹெட்லைட் இல்லன்னு சொல்றான். கார்க்காரர், இருந்துச்சுங்கறாரு. அதுக்கு ஒரு போட்டோவும் வெச்சிருக்காரு."

"அந்தப் போட்டோ இவரு எடுத்ததே இல்ல. அந்த இடத்துல அப்படி எடுக்கவே முடியாதாம். நீங்களே போய்ப் பாருங்க." மியூராவின் விரல் மேசையில் வேகமாகத் தட்டியது. "அதுவும் யோசிச்சுப் பாருங்க அக்கா. வடக்குப் பக்கத்து லைட்ல கண்ணாடி விரிசல் விட்டது. விரிசல் விட்டதைப் போய் எவனாவது திருடுவானா?"

"நல்ல கேள்வி," என்று ஹாந்தா தன் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"திருடனுக்கும் ஒரு மானம் இருக்குல்ல," என்றார் ரீவு. அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

* * *

ரீவு முப்பது வருஷம் டாக்சி ஓட்டியவர். இப்போது ஹாந்தாவுக்கு உதவியாளர், ஓட்டுநர், வேண்டாத நேரத்தில் விதூஷகர். அவருடைய பழைய ரெனோ காரில் பெட்ரோல் டாங்கி ஒரு பிளாஸ்டிக் பாட்டில்தான். அது ஓட்டுநரின் காலடியில் நின்றுகொண்டு பயணிகளை பயமுறுத்தும். இறக்கம் வந்தால் இஞ்சினை அணைத்துவிடுவார். வண்டி உருண்டு இறங்கும். பத்திரப் பதிவாளர் அலுவலகத்தில் இருபது வருஷம் கள்ளக் கையெழுத்துகளைப் பார்த்தே கண்ணைத் தீட்டிக்கொண்ட ஹாந்தா, இந்த மாதிரி இறக்கங்களில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள்.

"ரெண்டு ஹெட்லைட்டுக்கு ஒரு ஆளை உள்ள வெச்சிருக்காங்க," என்றார் ரீவு. "என் வண்டியில ஹெட்லைட் எரிஞ்சே ஆறு வருஷம் ஆச்சு. என்னை எத்தனை வருஷம் வெப்பாங்க?"

"ரோட்டைப் பாருங்கண்ணே."

அவள் மடியில் காவல் நிலையத் தாளும் அந்தப் படத்தின் நகலும் இருந்தன. தாளில் பிரெஞ்சில் அழகாக எழுதியிருந்தார்கள்: இடது விளக்கு ஒன்று, வலது விளக்கு ஒன்று, இரண்டும் 1938ஆம் வருஷத்து அசல். படத்தில் அந்தக் கறுப்பு சிட்ரோயன் காரின் முகம் நேருக்கு நேர். கிண்ணங்களைப் போல இரண்டு விளக்குகள், நடுவே வெள்ளிக் கம்பிகள், கீழே எண் பலகை. எதுவும் வீங்கவில்லை, கோணவில்லை. கல்யாணப் பெண்ணை எடுத்த மாதிரி அவ்வளவு பதவிசாக எடுத்திருந்தான், எடுத்தவன் யாரோ.

கார்க்காரரின் முழுப் பெயர் ரஃபாலிமனந்த்ஸுவா. அவருடைய கார்கூட அவ்வளவு நீளமில்லை. ஊரில் எல்லோருக்கும் ரஃபாலி ஐயா. மலைச்சரிவில் கட்டிய வீடு. மேல் சந்தில் வாசல், அதற்கு இரண்டு மாடி கீழே, கீழ்ச் சந்தில் கார் கொட்டகையின் கதவு. நடுவே நாற்பது படிகள்.

போனதும் விஷயத்தைக் கேட்டுவிட முடியுமா. முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவர் முழங்காலைப் பற்றி, ஹாந்தாவின் அம்மா உடல்நிலையைப் பற்றி, மறுபடியும் மழையைப் பற்றி. அடிப்பிடித்த சோற்றில் வெந்நீர் ஊற்றி அவர் கொண்டுவந்து கொடுத்த ரனூவூலா ஆறும்வரை ஒருவரும் காரின் பெயரை எடுக்கவில்லை. அரை மணி நேரம் போனது. வியாழக்கிழமை அரை மணி நேரம் பக்கத்தில் வந்தது.

"ஒன்பது வருஷமா அது வெளிய வரல, அம்மா," என்றார் ரஃபாலி ஐயா கடைசியில். "புயல்ல மண் சரிஞ்சு கொட்டகையோட கிழக்குப் பாதி போயிடுச்சு. மிச்சத்துக்கு ஒரு சுவரு வெச்சேன். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரன் கீழ்ச் சந்துல படி கட்டிட்டான். இப்ப கதவைத் திறந்தா நான்தான் போகலாம், கார் போக முடியாது. ரெயூனியன் தீவுல ஒருத்தர் வாங்கிக்கறேன்னாரு. பிரிச்சு எடுத்துட்டுப் போறாராம். முதல்ல போட்டோ அனுப்புங்கன்னாரு. அதுக்காகத்தான் அந்த ஜெர்வேயைக் கூப்பிட்டேன்."

"இந்தப் படத்தை உங்களுக்கு யாரு குடுத்தா?"

"அவன்தான். திங்கக்கிழமை எடுத்தான், செவ்வாய்க்கிழமை காலையில கொண்டாந்து குடுத்தான். சாயங்காலம் பாஸ்டருக்குக் காரைக் காட்டலாம்னு முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு படியிறங்கிப் போனேன். ரெண்டு கண்ணையும் தோண்டி எடுத்த மாதிரி நின்னுச்சு. ஞாயித்துக்கிழமை கோயில்லேருந்து வந்ததும் பழைய சட்டையால ரெண்டையும் நானே துடைப்பேன். ஒரு கீறல் கிடையாது. என் பொண்டாட்டி அந்த வெளிச்சத்துலதான் அம்மா, முத முதலா இந்த வீட்டுக்கு வந்தா."

ஹாந்தாவுக்கு மனசில் ஏதோ நெருடியது. இன்னதென்று பிடிபடவில்லை.

"எனக்கு அந்தப் பையன் உள்ள கிடக்கணும்னு இல்ல," என்று அவர் தொடர்ந்தார். "விளக்கு ரெண்டும் என் கைக்கு வரட்டும். அடுத்த நிமிஷம் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். நீங்க கொட்டகையைப் பார்த்துட்டு வாங்க. சாவி இந்தாங்க. இன்னிக்கு என்னால இறங்க முடியாது."

"ஜெர்வே வந்தப்பவும் இப்படித்தான் சாவியைக் குடுத்தீங்களா?"

"ஆமா. தனியா வந்தான், தனியா போனான்."

* * *

கதவு மேற்கே. வெளிச்சம் வர அது ஒன்றுதான் வழி. உள்ளே காரைச் சுற்றி ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கலாம், மூச்சை இழுத்துக்கொண்டால். காரின் முகம் கிழக்கே சுவரைப் பார்த்து, பின்பக்கம் கதவைப் பார்த்து நின்றது. உத்தரத்தில் ஒரு குண்டு பல்பு. ரீவு சுவிட்சைப் போட்டதும் அது சலித்துக்கொண்டு மஞ்சளாக எரிந்தது.

"வாழைப்பழம்கூட இதைவிடப் பளிச்சுன்னு இருக்கும்," என்றார் ரீவு.

ஹாந்தா காரின் முன்னால் நுழைந்தாள். விளக்குகள் இருந்த இடத்தில் இரண்டு கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் முதுகு சுவரில் இடித்தது, முழங்கால் எண் பலகையில் இடித்தது.

"அளந்து பாருங்கண்ணே."

ரீவு குனிந்து சாணால் அளந்தார். "அஞ்சு சாண். என் சாண் பெருசு. உங்களுக்குன்னா அஞ்சரை."

ஜெர்வேயின் கடையிலிருந்து கேமராவை வாங்கி வந்திருந்தார்கள். ஹாந்தா முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அதன் வழியே பார்த்தாள். நடுக் கம்பிகள் மட்டும் தெரிந்தன. அகலமாகப் பிடிக்கும் லென்ஸை மாற்றினாள். இப்போது முகம் முழுதும் தெரிந்தது, ஆனால் மூக்கு பூசணிக்காய் மாதிரி வீங்கி, இரண்டு பக்கமும் பின்னால் ஓடிப்போயிருந்தது. தரையில் உட்கார்ந்து பார்த்தாள். சுவரோரம் ஏறி நின்று பார்த்தாள். பூசணிக்காய் பூசணிக்காயாகவே இருந்தது. வெளிச்சமோ அதைவிட மோசம். முகம் சுவரைப் பார்க்கிறது, சூரியன் முதுகுப் பக்கம்.

அவள் படத்தை எடுத்து மறுபடி பார்த்தாள். ஒழுங்கான முகம். முகம் முழுக்க மெத்தென்ற வெளிச்சம்.

"ரீவு அண்ணே, இந்தப் படத்தை எடுத்தவன் எட்டு ஒன்பது அடி தள்ளி நின்னிருக்கணும். அதாவது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் பள்ளம்ல. பறந்துகிட்டே எடுக்க ஆந்தையா அவன்?"

"இப்ப பள்ளம். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அங்க கொட்டகையோட கிழக்குப் பாதி இருந்துச்சு. இந்தப் படம் சுவர் வெக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. ஒன்பது வருஷத்துப் பழசு. போன மாசம் லைட் இருந்துச்சுங்கறதுக்கு இது சாட்சியே இல்ல. நீதிபதியை இங்க கூட்டிட்டு வந்து இந்த அஞ்சு சாணுக்குள்ள நிறுத்தினாப் போதும். ஜெர்வே வெளிய வந்துடுவான்."

காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு மூச்சு லேசாக வந்தது. ரீவு கைதட்டப் போனார், கை சுவரில் இடித்தது.

"அப்ப மேல இருக்கற பெரியவரு பொய்ப் புகார் குடுத்தாருன்னு ஆகும்ல?" என்றார் விரலை ஊதிக்கொண்டே. "அதுக்கும் உள்ள வெப்பாங்களே."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரனூவூலா ஊற்றிய அந்தக் கிழவர் பொய் சொல்லும் ஆளாக அவளுக்குத் தெரியவில்லை. இருபது வருஷக் கள்ளக் கையெழுத்துகள் கற்றுக்கொடுத்த கண் அது.

"கால் வலிக்குது. கொஞ்சம் உக்காந்துக்கறேன்," என்று ரீவு காரின் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். பழக்க தோஷம், எதைப் பார்த்தாலும் பிடித்து இழுத்தார், திருகினார். அந்தக் காலத்துக் காரில் முன் கண்ணாடி ஜன்னல் மாதிரி வெளியே திறக்கும். தள்ளியதும் திறந்துகொண்டது. ஒன்பது வருஷமாக மூடிக் கிடந்தது என்றால் கொஞ்சமாவது முரண்டு பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

"எண்ணெய் போட்டிருக்காங்க," என்றார் ரீவு. "படத்தைக் குடுங்க முதலாளியம்மா, நானும் பார்த்துக்கறேன். பூதக்கண்ணாடியும் குடுங்க. வயசாச்சு."

அவர் நெடுநேரம் பார்த்தார். ரீவு பேசாமலிருந்தால் ஹாந்தாவுக்குப் பயம்.

"என்னண்ணே?"

"ஹெட்லைட் கண்ணாடிக்குள்ள குட்டியா வெள்ளைக் கட்டம் ஒண்ணு தெரியுது. ரெண்டு லைட்லயும். கதவு மாதிரி. நடுவுல தாழ்ப்பாள் கட்டைகூட இருக்கு." அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். மேற்கே, திறந்திருந்த கொட்டகைக் கதவு. நடுவில் தாழ்ப்பாள் கட்டை. "இந்தக் கதவுதான். ஆனா லைட்டு கிழக்கப் பார்த்துல இருந்துச்சு. முதுகுக்குப் பின்னாடி இருக்கற கதவு அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஹாந்தாவும் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

"முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன்," என்றார் ரீவு மெதுவாக. "பின்னாடி என்ன வருதுன்னு பார்க்க நான் ஒரு நாளும் இறங்கிப் போனதில்ல. முன்னாடி ஒரு கண்ணாடி இருந்தாப் போதும்."

இருவரும் ஒரே நேரத்தில் தெற்குச் சுவரைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வேண்டாத சாமான்களோடு ஒரு பழைய அலமாரி. அதற்கு ஒரு கதவுதான் இருந்தது. இன்னொரு கதவு பக்கத்தில் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஹாந்தா அதைத் திருப்பினாள். ஆளுயர நிலைக்கண்ணாடி. அடியில் ஒரு மூலையில் மரம் புதிதாகச் சில்லு பெயர்ந்திருந்தது.

அதைப் படுக்கைவசமாகத் தூக்கிக்கொண்டு அவள் அந்த ஐந்து சாணுக்குள் திணித்துக்கொண்டாள். நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். கனம் தோளை இழுத்தது.

"கொஞ்சம் உங்க பக்கமா சாய்ங்க," என்றது ரீவின் குரல். "வடக்கு மூலையைத் தூக்குங்க. அங்கேயே நில்லுங்க."

அப்போது பார்த்து மின்சாரம் போனது. பல்பு அணைந்தது. ஆனால் காரின் முகம் அணையவில்லை. மேற்குக் கதவிலிருந்து வந்த சாயங்கால வெயில் காரின் கூரையைத் தாண்டி, நிலைக்கண்ணாடியில் பட்டு, திரும்பி, முகம் முழுக்க மெத்தென்று விழுந்திருந்தது. இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை என்று அவள் தவித்த இரண்டையும் ஒரே ஒரு அலமாரிக் கதவு கொடுத்துவிட்டது.

"தெரியுது," என்றார் ரீவு. கேமராவை முன் கண்ணாடி வழியாக நீட்டி, பானெட்டுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "முழு மூஞ்சி. வீங்கல, கோணல. கார் தன் மூஞ்சியத் தானே பார்த்துக்குது. ஆனா நம்பர் திருப்பில்ல இருக்கு?"

"நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்தா நேராயிடும். அது போட்டோக்காரனுக்குப் பாலர் பாடம்." அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. இந்தப் படத்தை இந்தக் கொட்டகையில் எடுக்க முடியும். எடுத்தும் இருக்கிறான். ஜெர்வேதான் எடுத்தான். விளக்குகள் இருந்தன. கிழவர் உண்மையைச் சொன்னார்.

"என்னை உங்களுக்குத் தெரியுதா அண்ணே?"

"இல்ல. கண்ணாடிக்குப் பின்னாடி மறைஞ்சுட்டீங்க. விரல் நுனி மட்டும் தெரியுது."

"அப்ப ஜெர்வேக்கு யாரு பிடிச்சாங்க?"

ரீவு பூதக்கண்ணாடியைப் படத்தின் ஓரத்தில் வைத்தார். அந்த ஓரத்துக் கறையைச் சுவர் அழுக்கு என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்கள். மூன்று சின்ன நிழல்கள். நடு நிழலின் நுனியில் ஒரு பொட்டு மட்டும் திருகாணித் தலை போல மின்னியது.

"நடுவிரல்ல என்னமோ உலோகம்," என்றார்.

காலையில் அலுவலக மேசையில் கேட்ட டிக் டிக் ஹாந்தாவின் காதில் மறுபடி கேட்டது. அந்தத் திகைப்பில் கை தளர்ந்தது. நிலைக்கண்ணாடி வழுக்கியது. அவள் பிடிப்பதற்குள் அதன் மூலை சரிந்து, விளக்கு இல்லாத அந்த வெறுங்கம்பிக்கு மேலே, விளக்கு இருந்திருந்தால் அதன் கண்ணாடி எங்கே இருந்திருக்குமோ அங்கேயே போய் இறங்கி, கம்பியில் தட்டி நின்றது.

"நல்ல வேளை, லைட்டு இல்ல," என்றார் ரீவு. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கார் கிழக்கே பார்த்து நிற்கிறது. மூலை இறங்கியது வடக்குப் பக்கத்து விளக்கின் இடத்தில்.

காவல் நிலையத் தாளில் இடது, வலது. கிழவர் சொன்னது, ஒரு கீறல் கிடையாது. ஜெர்வே சொன்னது, போகும்போதே விளக்கு இல்லை. பின்னே இந்த வீட்டுப் பக்கமே காலெடுத்து வைக்காத ஒருத்திக்கு, இந்தக் கார் எந்தத் திசை பார்த்து நிற்கிறதென்று யார் சொன்னார்கள்? வடக்குப் பக்கத்து விளக்கில் விரிசல் விழுந்ததை யார் காட்டினார்கள்? இடது வலது சொல்லாத ஊர் இது, வடக்கு தெற்கு இல்லாமல் நம் வாயில் ஒரு வாக்கியம் வராது. அதனால்தான் மியூரா அதைச் சொன்னாள், அதனால்தான் ஹாந்தாவும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

* * *

புதன்கிழமை பதினொரு மணிக்குச் சிறை வாசலில் சோற்றுத் தூக்கோடு ஒரு நீண்ட வரிசை. உள்ளே இருப்பவனுக்கு வெளியே இருப்பவர்கள்தான் சோறு கொண்டுவர வேண்டும். வெளியே ஆள் இல்லாதவன் மற்றவர்களின் தூக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மியூரா வரிசையின் நடுவில், தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஹாந்தாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கிட்டே வந்த பிறகு வாடியது.

"நிலைக்கண்ணாடி ரொம்ப கனம் மியூரா," என்றாள் ஹாந்தா. "நான் அஞ்சு நிமிஷம்கூடப் பிடிக்கல."

மியூரா தூக்கைக் கீழே இறக்கிப் பிடித்தாள். "நானும் முதல் நாளு நல்லாத்தான் பிடிச்சேன். மத்தியானச் சோறு கொண்டு போனேன். கீழ்ச் சந்து வழியா போனதால பெரியவருக்குத் தெரியாது. இவரு காலையிலேருந்து தவிச்சாரு, இடமில்ல, வெளிச்சமில்லன்னு. அப்புறம்தான் அலமாரிக் கதவு ஞாபகம் வந்துச்சு. படம் வந்ததும் குழந்தை மாதிரி குதிச்சாரு அக்கா. இன்னும் ஒண்ணு எடுக்கலாம்னு செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டாரு."

"வழுக்கிடுச்சு."

"கையெல்லாம் வேர்வை. வடக்குப் பக்கத்து லைட்டு டிக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணை மட்டும் கழட்டினா கண்ணைக் குத்தும், ரெண்டையும் கழட்டி, பாலிஷ் போட எடுத்துட்டுப் போனோம்னு சொல்லிக்கலாம், ரெண்டு நாள்ல கண்ணாடி மாத்தி மாட்டிடலாம்னாரு. நான் எடுத்துட்டுப் போய்த் தகரக் கடைக்காரன்கிட்ட குடுத்தேன். அன்னிக்குன்னு பார்த்து பெரியவரு படியிறங்கி வந்துட்டாரு. இவரு பயந்துபோய், வரும்போதே இல்லன்னுட்டாரு. ஒரு பொய்யைச் சொன்னதும் அதைக் காப்பாத்த இன்னொண்ணு."

"லைட்டு இப்ப எங்க?" ஹாந்தா அவசரமாகக் கேட்டாள். "விரிசலோட இருந்தாலும் பரவால்ல. பெரியவரு கையில குடுத்துட்டா புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்னு சொல்லிட்டாரு. இன்னிக்கே முடிச்சிடலாம்."

மியூரா முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையில் ஒன்றை வைத்து நீட்டினாள். கட்டைவிரல் நீளத்தில் ஒரு தகர பொம்மைக் கார். விமான நிலையத்தில் வெள்ளைக்காரர்களுக்கு விற்பார்களே, அது. ஆனால் இது டப்பாத் தகரம் இல்லை. பானெட் வெள்ளியாக மின்னியது.

"போலீஸ் தேடுதுன்னு கேட்டதும் கடைக்காரன் பயந்து லைட்டு ரெண்டையும் வெட்டிட்டான். பதினோரு கார் செஞ்சானாம். பத்து வித்துப் போச்சு. பிளேன் ஏறிப் போச்சு."

ஹாந்தா அந்த பொம்மைக் காரை வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் போய் பெரியவரு கால்ல விழுந்தா?" என்றாள் ஹாந்தா. அதில் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

"மன்னிக்க அவருக்கு மனசு வரலாம். ஆனா போலீஸ்ல கழட்டினது ரெண்டு பேருன்னு எழுதுவாங்க. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா சோறு யாரு கொண்டாருவா அக்கா? அதனாலதான் இவரு, நீ வாயைத் திறக்காதேன்னு சொல்லிட்டாரு." வரிசை ஓர் அடி நகர்ந்தது. மியூராவும் ஓர் அடி நகர்ந்தாள். "உங்ககிட்ட நான் பொய் சொன்னேன். தெரியும். ஆனா நீங்க கெட்டிக்காரங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நாங்க ரெண்டு பேருமே செய்யலன்னு எப்படியாவது ஒரு வழி கண்டுபிடிச்சுடுவீங்கன்னு நினைச்சேன்."

வழி இல்லாமல் இல்லை. நாளைக்கு நீதிபதியைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஐந்து சாணுக்குள் நிறுத்தி, அலமாரியைப் பற்றி மூச்சு விடாமல் இருந்தால் போதும். ஜெர்வே வீட்டுக்கு வருவான். ஒரு கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இந்த வாசலுக்குள் நுழைவார். அவருக்குச் சோறு கொண்டுவர யாரும் இல்லை. ரீவு அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் அதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அலமாரிக் கதவைத் திரும்ப மாட்டிடறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல," என்றார் மெதுவாக. அது கேலியா, யோசனையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

காவலாளி மியூராவின் பெயரைக் கூப்பிட்டான். தூக்கைத் திறந்து பார்த்தான். அவள் கையைக் காட்டி, "சோத்துத் தூக்கைத் தவிர உலோகம் எதுவும் உள்ள கொண்டு போகக்கூடாது" என்றான்.

மியூரா நடுவிரலிலிருந்து குப்பியைக் கழற்றினாள். தவறாமல் மாட்டிக்கொண்டே இருந்ததில் அந்த விரல் நுனி மட்டும் வெளுத்திருந்தது.

"கொஞ்சம் வெச்சிருங்க அக்கா. இப்ப வந்துடறேன்," என்று ஹாந்தாவின் கையில் கொடுத்துவிட்டு, சோற்றுத் தூக்கோடு உள்ளே போனாள்.

ஹாந்தாவின் வடக்குக் கையில் பித்தளைக் குப்பி, தெற்குக் கையில் வெள்ளி பொம்மைக் கார். ஒரு வழக்கை முடிக்க இதற்கு மேல் ஒரு ஆதாரமும் வேண்டாம். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மியூரா திரும்பி வரும்வரை அந்த வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.